வேலிக்கு அப்பால் ஏரிக் குதிரை

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஊரைவிட்டு வந்து, சிட்னியிலிருந்து ஓரிரவு ரயில் தூரத்தில், நோபல் பார்க்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் பக்கத்து டண்டினோங்கில் தொழிற்சாலை வேலை. பக்கத்து வீட்டில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்தத் தெருவில் எங்களோடு வாய் திறந்து பேசியவள் அந்த மனைவி ஒருத்திதான். இடுப்பு வரை தொங்கும் செம்பட்டைப் பின்னல் அவளுக்கு. புருஷன் அவளை அடிப்பது தெருவுக்கே தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பின்னேரங்களில் வேலியில் சாய்ந்துகொண்டு என் சின்ன மகளுக்குத் தன் நாட்டுக் கதைகள் சொல்வாள். எல்லாம் இரத்தக் கதைகள். அவர்களுடைய வீரன் ஒருவனை லண்டன் தெருக்களில் குதிரையில் கட்டி இழுத்து, தூக்கிலிட்டு, உயிர் போகுமுன் வயிற்றைக் கிழித்து, உடலை நாலாக வெட்டி நாலு ஊருக்கு அனுப்பினார்களாம். அதை அவள் மரக்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

மகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஏரிக் குதிரையின் கதையை. கரையில் அழகான கறுப்புக் குதிரையொன்று நிற்கும். பிள்ளைகள் ஏற ஏற அதன் முதுகு நீளும். ஏறியவர்கள் இறங்க முடியாது, உடம்பு ஒட்டிக்கொள்ளும். ஏறாமல் நின்ற பையன் ஒருவன் அதன் கழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் ஒட்டிக்கொண்டது. குதிரை தண்ணீருக்குள் பாயப் போனபோது, அவன் சட்டைப் பையிலிருந்த கத்தியை எடுத்துத் தன் விரலைத் தானே அறுத்துக்கொண்டான். மற்றப் பிள்ளைகளின் ஈரல்கள்தான் மறுநாள் கரையொதுங்கின.

"அவனுக்கு நொந்ததா அன்ரி?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"சரியாக நொந்தது. ஆனால் வீடு போய்ச் சேர்ந்தான்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வீட்டுப் பின்வளவில் நின்றேன். அவள் தன் வளவில் பெரிய கத்தரியால் ரோஜாக் கிளைகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் குடித்துவிட்டு வந்தான். பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்து, புல்லின் மேல் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். குசினிப் படியில் அவள் முகத்தை மோதினான். ஒரு பல் தெறித்தது. நான் கத்தினேன்.

கத்தரி அவள் கையில் அப்படியே இருந்தது. அவன் தொடை எட்டும் தூரத்தில். குத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ அதைத் தன் பிடரிக்குக் கொண்டுபோய், பின்னலை நறுக்கு நறுக்கென்று நறுக்கினாள். அவன் பின்னலோடு மல்லாந்து விழுந்தான். அவள் வேலியேறிக் குதித்து எங்கள் குசினிக்குள் ஓடினாள்.

நானும் பின்னால் ஓடிக் கதவைப் பூட்டினேன். "நீர் பிள்ளையோட அறைக்குள்ள போம்," என்றார் சத்தம் கேட்டுக் குசினிக்கு வந்த கணவர்.

"நான் போகேல்லை."

கதவுக் கண்ணாடி உடைந்தது. உள்ளே வந்த முஷ்டி கணவரின் வாயில் விழுந்தது. அவர் இரத்தத்தோடு சரிந்தார். அந்தக் கை பூட்டைத் தேடித் தடவியது. நான் அடுப்படியிலிருந்த, பொரிக்கிற இரும்புத் தாச்சியை எடுத்து மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இன்னொருக்கால் அடித்தேன்.

"காணுமப்பா, போதும்! கையை எடுத்திட்டான்!" என்று கணவர் நிலத்திலிருந்து கத்தினார்.

பொலிஸ் வந்தது. புருஷன் பெண்சாதி விவகாரம் என்று சொல்லிவிட்டு, அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் முகத்தைக் கழுவிவிட்டபடி, "ஏன் அவனைக் குத்தவில்லை?" என்று கேட்டேன்.

வீங்கிய உதட்டால் மெதுவாகச் சொன்னாள்: "குத்தியிருந்தால் சாகும்வரை அவனோடுதான் கட்டுண்டு கிடப்பேன்."

அன்று பின்னேரமே கணவர், வாயில் துணியை அழுத்திப் பிடித்தபடி, அவளைக் காரில் கொண்டுபோய் சிட்னி ரயிலில் ஏற்றிவிட்டார். அங்கே அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள்.

சில நாள் கழித்து அவன் முறிந்த கையில் மாக்கட்டோடு வேலியடியில் வந்து நின்றான்.

"அவள் எங்கே?"

"தெரியாது," என்றேன்.

வேலியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. உள்ளே வந்துவிட்டேன்.

அவள் சிட்னிப் பக்கம் பரமட்டாவில் ஒரு பேக்கரியில் வேலை எடுத்து அங்கேயே தங்கிவிட்டாள். அடுத்த கோடையில் அவன் வீட்டை விற்றுவிட்டுப் போனான். போகிற அன்றும் நான் வெளியே வரவில்லை.