பொறுப்பாளர் பெயர்: நாகலிங்கம்

நாகலிங்கத்தின் ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் அதிகாரம் என்ற ஒன்று அவர் கைக்கு வந்தது ஒரே ஒரு நாள்தான். வந்தது அவருக்கே தெரியாது. தெரிந்தபோது ஒரு பெண் செத்துப்போயிருந்தாள். அவர் பொலிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எளியவனுக்கு அதிகாரம் கொடுக்கிறவர்கள் இப்படித்தான் கொடுப்பார்கள் போலும்.

யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே அவர் பால்வெட்டுக் கங்காணி. ரப்பர் தோட்டத்தில் மழைதான் முதல் துரை. சப்பாத்துப் போட்ட துரைமாரெல்லாம் அதற்குப் பிறகுதான். மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டக்கூடாது. வெட்டிய பிறகு பெய்தாலோ, கோப்பையில் சேர்ந்த பாலெல்லாம் தண்ணீரோடு வழிந்து போகும். ஆகவே விடியற்காலையில் ஆட்கள் கத்தியும் வாளியுமாக வந்து பேர் பதியும் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது, இன்றைக்கு வெட்டலாமா வேண்டாமா என்று யாராவது வானத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைச் சொல்லிவந்தவர் நாகலிங்கம். சொல்வது இவர்; உத்தரவு வருவது துரை பெயரில். அதைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

தோட்டத்தில் அவருக்கு 'வானம் கங்காணி' என்று பெயர். அவர் கணக்கு தப்பியதும் உண்டு. ஒருமுறை மின்னல் வெட்டுகிறது என்று முப்பது பேரை மலையிலிருந்து இறக்கிவிட்டார். ஒரு சொட்டு மழை விழவில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான், விழுந்தது. பாட்டு வாங்கினார் மனிதர்; அம்மன் கோவில் கூத்தில்கூட அவரை வைத்துக் கிண்டல் பண்ணினார்கள். ஒருத்தி மட்டும் ஏசவில்லை.

"போனாப் போகுது கங்காணி, உசிரு இருக்குல்ல. அரைப்பேர நாளைக்கும் சம்பாதிக்கலாம்" என்றாள் கிருஷ்ணகுமாரி.

அவள் அவருடைய கூட்டத்தில் பன்னிரண்டு வருடமாகப் பால் வெட்டுகிறவள். மேகத்துக்கு மேலே கங்காணிக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று கேலி பேசுவாள். ஆனால் அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தால், ஏன் என்று கேட்காமல் கத்தியை வைத்துவிடுவாள். புருஷன் சுரேந்திரன் தோட்டத்து லொறியில் பால் ஏற்றுகிறவன். எட்டு வயதில் ஒரு மகள்.

சித்திரைப் புத்தாண்டுக்கு மியூசிக்கல் ஷோ வைக்கலாம் என்று கிளம்பியது உதயராஜ். தோட்டத்தில் பிறந்து, பஸாரில் போன் கடை போட்டு, இளைஞர் கழகத் தலைவராகி, அரசியல் ஐயா ஒருவருக்கு வலது கையாகவும் ஆகிவிட்ட ஆள். ஐயா வருகிறார், கொழும்பிலிருந்து பாட்டுக் கோஷ்டி வருகிறது, தோட்டத்துப் பிள்ளைகளின் நடனமும் இருக்கிறது என்று நாலு தோட்டத்துக்கும் நோட்டீஸ் போய்விட்டது. ஸ்பீக்கர் கட்டப் பொலிஸ் அனுமதி வேண்டும். அனுமதிக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். தலைவர் உதயராஜ், செயலாளர் உண்டு, பொருளாளர் உண்டு. பொறுப்பாளருக்கு மட்டும் ஆளில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

"மாமா, ஒரு சைன் மட்டும் போடுங்க. வயசுல பெரியவங்க பேரு இருந்தாத்தான் பொலிசுல மதிப்பாங்க" என்று கடிதத்தை நீட்டினான்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. சிங்களம் பேச்சு நாகலிங்கத்துக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து தெரியாது.

"என்னப்பா எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. சத்தம் கூடப் போடமாட்டோம், சண்ட வராமப் பாத்துக்குவோம்னு. வழக்கமா எழுதுறதுதான்."

தன் பெயர் ஒரு பெரிய காரியத்தின் கடிதத்தில் ஏறுகிறது என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். இதை மறைப்பானேன்? மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாக, அழகாகக் கையெழுத்து வைத்தார்.

ஷோ அன்று பின்னேரம் நாலு மணிக்கே மைதானம் நிரம்பிவிட்டது. பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசை நாற்காலிகளில். கிருஷ்ணகுமாரி மேடைக்கு நேர் முன்னால் இருந்தாள். மகள் நடனத்தில் ஆடுகிறாள், உடுப்பு மாற்றி மேடைக்குப் பின்னால் நிற்கிறாள். மேடையின் இரண்டு பக்கமும் இரும்புக் குழாயில் உயர்ந்த லைட் கம்பங்கள். இரண்டுக்கும் நடுவே, ஐயாவின் சிரித்த முகம் போட்ட பெரிய பேனர். அந்த அகலத்தில் ஒரு லயத்து வீட்டு வரிசைக்கே கூரை போடலாம்.

ஐந்து மணிக்கு வரவேண்டிய ஐயா வரவில்லை. வானம் வந்துவிட்டது. வடக்கு முகட்டுக்கு மேலே மேகம் குவிந்து, அடிப்பக்கம் கறுத்து, கீழே காற்று அசையாமல் நின்றது. அடங்கிய காற்று எப்படித் திரும்பி வரும் என்று நாகலிங்கத்துக்குத் தெரியும். முதல் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே இருபது எண்ணினார். அடுத்ததற்குப் பன்னிரண்டுதான் எண்ண முடிந்தது.

லைட், ஸ்பீக்கர் எல்லாம் பஸார் முக்தாருடையவை. அவரைத் தேடிப் போனார்.

"முக்தார் நானா, கம்பத்த எறக்கிடுங்க."

"எனக்கும் பயந்தான் அண்ணே. இந்த பேனரோட காத்து அடிச்சா கம்பம் நிக்காது. அதக் கட்டாதீங்கன்னு காலையிலயே சொன்னேன், கேக்கல்ல. கமிட்டி ஒரு வார்த்த சொல்லட்டும், இப்பவே எறக்குறேன்."

கமிட்டியிடம் போனார். உதயராஜ் கையில் போன் இருந்தது. கடும் மின்னல், பலத்த காற்று என்று எச்சரிக்கை அதில் வந்து கிடந்தது. அதை அவரிடமே வாசித்தும் காட்டினான், ஏதோ நகைச்சுவைத் துணுக்கு வாசிக்கிற மாதிரி.

"இது சப்ரகமுவ மாகாணம் பூராவுக்கும் போட்டது மாமா. நம்ம கிரவுண்டுக்குன்னு எழுதலையே?"

"சனத்த அனுப்பிடு உதயராஜ். இன்னொரு நாளைக்கு நூறு ஷோ வைக்கலாம்."

"ஐயா பாலத்தத் தாண்டிட்டாரு. வந்து எறங்குறப்ப காலி நாற்காலியவா காட்டுறது? பத்து நிமிஷம் மாமா. ஐயா பேசுனதும் முடிச்சிடுறேன்."

சனங்களுக்கும் கண் இருக்கிறதல்லவா? பின்னால் இருந்தவர்கள் எழும்பத் தொடங்கினார்கள். குடைகள் விரிந்தன. அதைக் கண்டதும் உதயராஜ் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடித்தான்.

"யாரும் எழும்ப வேணாம்! மழ வராது! யாரு சொன்னா தெரியுமா? நம்ம வானம் கங்காணி, நாகலிங்கம் மாமா பாத்துச் சொல்லிட்டாரு! மாமா சொன்னா வருணபகவானுக்கே அப்பீல் இல்ல! மாமா எங்க இருக்கீங்க? கையத் தூக்குங்க!"

லைட் ஒன்று திரும்பி அவர் முகத்தில் விழுந்தது. ஆயிரம் பேர் கை தட்டினார்கள். நாகலிங்கம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, இல்லை இல்லை என்று ஆட்டினார். தொண்டை கிழியக் கத்தினார். கை ஆடியது தெரிந்தது. கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டல் இன்னும் கூடியது. விரிந்த குடைகள் மடங்கின.

அவர் மேடைப் படிவரை ஓடினார். ஏறவில்லை. அதற்குள் காற்று வந்துவிட்டது.

பேனர் ஒரு கப்பல் பாயைப் போலக் காற்றை வாங்கி உப்பியது. இடது பக்கக் கம்பம் ஒருமுறை முன்னால் சாய்ந்து, நின்று, பிறகு முழுதாக விழுந்தது. பதினொரு பேருக்குக் காயம். கிருஷ்ணகுமாரி அந்த இடத்திலேயே போய்விட்டாள். மகள் சலங்கைக் காலோடு மேடைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்ததை நாகலிங்கம் பார்த்தார். அதை மட்டும் அவர் எந்த விசாரணையிலும் சொன்னதில்லை.

ஐயா பாலத்தைத் தாண்டவேயில்லை. மறுநாள்தான் வந்தார், வெள்ளை உடுப்போடு. இயற்கையின் சீற்றத்துக்கு முன்னால் மனிதன் எம்மாத்திரம் என்று பேசிவிட்டுப் போனார். பேனர் கட்டியதும் இயற்கைதான் போலிருக்கிறது.

பொலிசில் சார்ஜன் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"மே அத்சன ஒயாகேத?"

கையெழுத்து தன்னுடையதுதான் என்று நாகலிங்கம் சிங்களத்திலேயே ஒத்துக்கொண்டார். சார்ஜன் வாசித்தார். காற்று, மழை, மின்னல் என்று ஆபத்து வந்தால் நிகழ்ச்சியை உடனே நிறுத்தவும் சனங்களை வெளியேற்றவும் பொறுப்பாளருக்கு முழு அதிகாரம் உண்டு. தவறினால் அவரே பொறுப்பு. ஒருமுறை கேட்டுவிட்டு, இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார் நாகலிங்கம். உதயராஜிடமும் முக்தாரிடமும் அவர் கெஞ்சிக்கொண்டு அலைந்தாரே, அந்த அரைமணி நேரம் முழுக்க அந்த மைதானத்திலேயே பெரிய ஆள் அவர்தான். முக்தாரை 'எறக்கு' என்றால் இறக்கியிருக்க வேண்டும். உதயராஜை 'மூடு' என்றால் மூடியிருக்க வேண்டும்.

உதயராஜின் வாக்குமூலம் சுருக்கமானது. மழை வராது என்று பொறுப்பாளர் சொன்னார், நாங்கள் அவர் வார்த்தைக்குக் கட்டுப்பட்டோம். முக்தாரின் வாக்குமூலம் அதைவிடச் சுருக்கம். இறக்கச் சொல்லிக் கமிட்டி சொல்லவில்லை. உதயராஜ் பொய் சொன்னதாக யாராலும் நிரூபிக்க முடியாது, ஏனென்றால் வீடியோ இருந்தது. யாரோ ஒரு பையனின் போனில் எல்லாம் தெளிவாகப் பதிந்திருந்தது. உதயராஜ் பெயரைச் சொல்கிறான், சனம் தட்டுகிறது, நாகலிங்கம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார், மாலை போட்ட மந்திரியைப் போல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நீதவான் பதினான்கு நாள் விளக்கமறியலில் வைத்தார். பிறகு பிணை கிடைத்தது. வெளியே வந்தபோது பெரட்டுக்களத்தில் வேறொருவர் போனைப் பார்த்து வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் நாகலிங்கத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஏசியிருந்தால்கூடத் தேவலை. அவர் கூட்டத்தில் வெட்டிய ஒரு கிழவி மட்டும், "ஏன் கங்காணி, அன்னைக்கு மட்டும் ஏன் அப்புடிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை என்றார். அவள் பாவம் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வழக்கு என்னவோ ஆகட்டும், ஊர் எதையோ பேசட்டும், சுரேந்திரன் ஒருத்தன் நம்பினால் போதும் என்று அவருக்கு ஆகிவிட்டது. மறியலில் அந்தப் பதினான்கு நாளும் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தார். அவன் நம்பாவிட்டால் அப்புறம் எதற்கு உயிரோடு இருப்பது என்றுகூட நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டுமுறை பாதிவழியில் திரும்பி, மூன்றாவது முறை அவன் லயத்துக்குப் போய்விட்டார்.

சுரேந்திரன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். பின்னல் கோணல்மாணலாக இருந்தது. மகளை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டான். நாகலிங்கம் உட்காரவில்லை.

"மழ வராதுன்னு நான் சொல்லல சுரேந்திரன். ஆத்தா மேல சத்தியமா சொல்லல."

"தெரியும் கங்காணி."

இத்தனை சுலபமாக அது கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"வீடியோவ எத்தன தடவ பாத்தேன்னு கேக்காதீங்க" என்றான் சுரேந்திரன். "கும்புடுற கை அப்புடி ஆடாது. வேணாம்னுதான் ஆட்டுனீங்க. நான் அன்னைக்குப் பின்னால ஆம்பளைங்களோட நின்னேன். அவ எந்திரிச்சிட்டா, தெரியுமா? புள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு எந்திரிச்சு, கொடையும் விரிச்சிட்டா. ஒங்க பேரச் சொன்னாங்க. கொடைய மடக்கிட்டு உக்காந்துட்டா."

நாகலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க பேர அவன் திருடிட்டான். சரி, ஒத்துக்குறேன். ஆனா நீங்க மேடப் படிகிட்ட வந்து நின்னீங்களே, அதுவும் வீடியோவுல இருக்கு. நாலே நாலு படி. ஏறி மைக்கப் புடுங்கி, 'போங்க'ன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா அவ எந்திரிச்சிருப்பா. வேற யாரு சொல்லுக்கும் எந்திரிக்காட்டியும் ஒங்க சொல்லுக்கு எந்திரிச்சிருப்பா. ஏன் கங்காணி ஏறல?"

சார்ஜன் இதைக் கேட்கவில்லை. நீதவான் கேட்கவில்லை. இவருடைய வக்கீலே கேட்கவில்லை. பொய் சொல்லலாம், காற்று தள்ளிவிட்டது என்றால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"மேடையில கம்பளம் விரிச்சிருந்தாங்க" என்றார். "புதுசு. ஐயா நடந்து வர்றதுக்குன்னு. கிரவுண்டு முந்தின நாள் மழையில சேறு. என் செருப்பெல்லாம் சேறு. குனிஞ்சு... செருப்பு வாரக் கழட்டிக்கிட்டிருந்தேன்."

சுரேந்திரன் அடிப்பான் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். அவனோ தான் எடுத்துப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்தான். உள்ளே மகள் ஏதோ பாத்திரத்தை உருட்டினாள்.

"நானா இருந்தாலும் கழட்டிட்டுத்தான் ஏறியிருப்பேன் கங்காணி" என்றான் கடைசியில். சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.