கூரைப் படத்தோடு ஆம்பூருக்கு

ரம்ஜான் மாதத்தின் பாதியில் ஆம்பூருக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்க இல்லை. நான் எடுத்த பதினொரு நிமிடப் படத்தை ஒருவருக்குப் போட்டுக் காட்டிப் பணம் கேட்க. இதுபோல் காரியமாகப் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். உதவாவிட்டால் போகட்டும்.

வேலூர் பாகாயத்தில் என் வீட்டுக்கு அருகே தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கான சிறிய இல்லம் ஒன்று உண்டு. அதில் பெரிய பெண்களுக்கான அறையின் கூரை ஒழுகுகிறது. ஆய்வுக்கு வந்தவர்கள் அதைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். அந்த வயதில் அங்கே இருப்பவள் இப்போது ஒருத்திதான், சின்னவர்களோடு படுக்க வைக்க விதியில்லை. இந்த மாதத்துக்குள் வழி பிறக்காவிட்டால் அவளை அரக்கோணத்தில் வேறு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் தங்கை இங்கேயே இருப்பாள். உருது பேசும் பிள்ளைகள். பெயர் எழுத மாட்டேன்.

நான் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படமெடுக்க எவரும் கற்றுத் தரவில்லை. செல்போனில் எடுத்து, செல்போனிலேயே வெட்டி ஒட்டினேன். எனக்கு முன்னால் ஒரு குழு வந்து, பிள்ளைகளை அழச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனது. அன்றே முடிவு செய்தேன், என் படத்தில் ஒரு பிள்ளையும் இருக்காது என்று. கூரை, விரிசல், வாளியில் சொட்டும் தண்ணீர், அவ்வளவுதான். பிள்ளைகளையும் எடுக்கச் சொல்லி இல்லத்து வார்டன் அம்மா எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை.

வேலூரில் பதினொன்றரைக்குப் பேருந்து ஏறினேன். ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். முட்டி வலி உள்ளவர்கள் படிக்குப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். ஆம்பூரில் இறங்கினால் பாதிக் கடைகள் மூடியிருந்தன. இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

"இன்னா பெரியவரே, பிரியாணிக்கா? நோன்பு டைம்ல வந்து பேஜார் ஆயிட்டீங்களே," என்றார் ஓட்டுநர்.

"படம் காட்ட வந்தேன்பா."

"ஹீரோ யாரு, நீங்களா?"

"கூரை."

இறங்கும்போது எண்பது கேட்டார், அறுபது கொடுத்தேன்.

நான் பார்க்கப் போனவர் தோல் மண்டி வைத்திருக்கும் ரஹ்மான் பாய். வசதி உள்ள முஸ்லிம்கள் தங்கள் சொத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கு ஜகாத்தாகக் கொடுக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் ரம்ஜானில்தான் கொடுப்பார்கள். அதற்காகவே இந்த மாதத்தைப் பார்த்துப் போனேன். சாயங்கால அஸர் தொழுகை முடியும்வரை காக்க வைத்தார். பிறகு படத்தைப் போட்டேன். நாலாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"கோச்சுக்காதீங்க. ஜகாத் காசை செவுத்துக்கும் கூரைக்கும் போடக்கூடாது. ஆளு கையில போய்ச் சேரணும்."

"இதை யாரும் எனக்குச் சொல்லலையே!"

"நீங்க யாரைக் கேட்டீங்க?"

"பிள்ளைங்க மூஞ்சியைக் காட்டிப் பிச்சை எடுக்க மாட்டேன் பாய்."

"மூஞ்சியை யாரு கேட்டா? அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும், அதைச் சொல்லுங்க. சும்மா வாளியையே காட்டிக்கினு இருக்கீங்க."

கோபத்தில் எழுந்தேன். முட்டி பிடித்துக்கொள்ளவே மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்த இடத்தில் சொன்னேன்: அவளுக்குத் தங்கையோடு இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். இல்லத்தை ஒட்டிய வீட்டில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது. சமையல்கார அம்மா துணைக்குப் படுத்துக்கொள்வார். வாடகை கொடுக்கத்தான் இல்லத்துக்கு வழியில்லை.

"வாடகையா? அது அவ செலவாச்சே. இதை முதல்லயே சொல்றதுக்கு இன்னா? இருங்க, ஹஜ்ரத்தைக் கேட்டுக்கறேன்."

மார்க்கச் சட்டம் தெரிந்த பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு உருதுவில் பேசினார். யோசித்துச் சொல்வதாகப் பதில் வந்தது. அதற்குள் நோன்பு திறக்கும் நேரம். பாயே எனக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். பாதிக் கிண்ணத்தில் போன் அடித்தது.

"குடுக்கலாமாம். ஒரு வருஷ வாடகை, அவ பேர்ல."

"மீதிப் படம்?" என்றேன்.

"கூரைதானே? பார்த்துட்டேன் பெரியவரே."

நீங்களும் இப்படிப் போவதானால், கொடுக்கிறவர்களின் வழக்கம் என்ன என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் கிளம்பினால் போதும். முன்பே போனால் பட்டினிதான். திரும்ப நெடுஞ்சாலையிலேயே நிறைய பேருந்துகள் உண்டு. நான் எடுத்த படத்தில் ஒரு காட்சியையும் வெட்டப்போவதில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது, அதற்கு வேறு ஆள் தேடுவேன்.

மறுநாள் வார்டன் அம்மா பேசினார். அரக்கோணத்துக்குக் கட்டி வைத்த பெட்டியைப் பிரித்தாயிற்றாம். சோற்றைத் தொடாமல் இருந்த சின்னவள், அக்காள் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறாளாம். "இதையாவது வந்து எடுங்க சார்," என்றார். சாப்பிடுகிறவளை எதற்கு எடுப்பது, சாப்பிடட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.