கடிகாரம்தான் சொல்லுது

காலை ஏழு மணிக்குச் சாலையோரப் பனியில் மண்டியிட்டு, மகளின் சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டிருப்பான் கர்ட் நீமி. சாக்ஸின் தையல் விரலில் உறுத்திவிட்டால் அன்றைய பொழுது போச்சு. பிக்கப் வண்டியின் கதவு திறந்திருக்கும். அதன் இருக்கையில் எட்டு வயது ஐலா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இது நேத்து இடது கால்ல இருந்த சாக்ஸ்."

"இல்ல, வலதுதான்."

"எப்படித் தெரியும்?"

"நான்தானே கழட்டினேன்."

அவள் யோசிப்பாள். அந்த யோசனை முடியும்வரை அவன் மூச்சுவிட மாட்டான். சரியாக ஏழு பன்னிரண்டுக்கு நான் பள்ளிப் பேருந்தை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போட்டு, கதவைத் திறப்பேன்.

முப்பத்தொரு வருஷமாக இந்த வழியில் ஓட்டுகிறேன். கர்ட்டையே ஏற்றிப் போயிருக்கிறேன். நாலாவது இருக்கையின் பச்சை ரெக்சினைக் கடித்துக் கடித்துப் பஞ்சை வெளியே எடுத்த பிள்ளை அவன். அந்தக் காலத்தில் அதற்கு வால் என்று பேர். இப்போது டாக்டர் அதை ஏ.டி.எச்.டி., கவனம் நிலைக்காத குறைபாடு என்று எழுதுகிறார், காலையில் விழுங்க ஒரு மாத்திரை கொடுக்கிறார். மகளுக்கு எழுதும்போது அப்பனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாராம். "உங்களை யாரும் கவனிக்கலையா?"ன்னு கேட்டாராம். "பெர்னி கவனிச்சாங்க, கண்ணாடியில பார்த்துப் பார்த்துத் திட்டுவாங்க"ன்னு இவன் சொல்லியிருக்கிறான். என் மானம் டாக்டர் வரைக்கும் போயிருக்கிறது.

கர்ட்டுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. காதுக்கு மேல் நரைத்தாயிற்று. தாடி ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் கம்மி. சவரம் செய்யும்போது பாதியில் மகள் கூப்பிட்டுவிடுவாள். கோட்டின் வலது பையில் எப்போதும் ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ், உலர்ந்த திராட்சை டப்பா ஒன்று. இடது பை கிழிந்துபோய் ஆறு மாதமாகிறது. மளிகைக் கடையின் இறைச்சிப் பகுதியில் கறி வெட்டுகிறான். அங்கே காலை ஏழே முக்காலுக்கு ஊற்றிவைத்த காபியைப் பதினொரு மணிவரை மூன்று முறை சுடவைத்து, மூன்று முறையும் குடிக்காமல் விட்டுவிடுவான்.

மகளோடு அவன் சண்டையே போடுவதில்லை. எல்லாச் சண்டையையும் சமையலறைச் சுவரில் இருக்கும் பெரிய கடிகாரத்தின் தலையில் கட்டிவிட்டான். "டிவியை நிறுத்தச் சொல்றது நான் இல்லம்மா, கடிகாரம்தான் சொல்லுது." "குளிக்கணும்னு நானா சொன்னேன்? அங்க பாரு, அது சொல்லுது." அவள் கடிகாரத்தை முறைப்பாள், நாக்கைத் துருத்துவாள், ஒரு முறை ஆரஞ்சுப் பழத்தை எறிந்திருக்கிறாள். ஆனால் கீழ்ப்படிவாள். அப்பா சொன்னால் நூறு கேள்வி கேட்கிறவள் அதனிடம் ஒரு கேள்வி கேட்கமாட்டாள். "அது ஆள் பார்த்து மாறாதுல்ல, அதான்," என்று கறி வெட்டிக்கொண்டே எனக்கு விளக்கினான்.

இறைச்சிப் பகுதியில் அவனுக்கு இலவசமாக யோசனை சொல்லாத ஆளில்லை. சீனியை நிறுத்து என்பார் ஒருவர். நாய் வாங்கிக்கொடு என்பார் இன்னொருவர். ஒரு நாள் மிஸஸ் ஹௌட்டலா கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தார். "எங்க காலத்துல முதுகுல ரெண்டு வெச்சா வாயைத் திறக்காதுங்க."

கர்ட் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கப்பா எனக்கு நிறைய வெச்சாரு. இன்னும் சரியாகலை. ஒண்ணரை பவுண்டு போதுமா?"

பேச்சில் இப்படிச் சுருக்கென்று இருப்பானே தவிர, ஆள் களைத்துப்போனவன். அந்தக் களைப்பு எதனால் என்று ஜனவரியில்தான் பார்த்தேன். ஐலா ஒரு கையுறையைப் பேருந்தில் விட்டுப்போனாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழிதானே என்று, ஐந்து மணிக்குக் கொடுக்கப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. சமையலறையில் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சுவரில் கெட்சப். கர்ட் ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றால் அவன் பெரிய ஆளாகத் தெரிவானாம், அது அவளுக்கு இன்னும் ஏறுமாம். ஐலா மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, பலகையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள்.

குற்றம் என்னவென்றால், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பேஸ்டி சூடாக இருக்கிறதே என்று அவன் அதை இரண்டாக வெட்டிவிட்டான்.

"முழுசா வேணும்னு சொன்னேன்ல! முழுசா வேணும்!"

"இன்னொண்ணு முழுசா இருக்கு, சுடவைக்கவா?"

"அது வேணாம்! இதையே முழுசாக்கு!"

நாலரை மணிக்கு மாத்திரையின் வேகம் இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் அடக்கிவைத்தது அத்தனையும் அப்போதுதான் கொட்டும். அங்கே டீச்சர் இவளைத் தங்கம் என்கிறார். தங்கம் மேசையை உதைத்து உதைத்து உப்பு டப்பா கீழே விழுந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். "கண்ணு, கொஞ்சம் அமைதியா இரேன்," என்றேன். அவ்வளவுதான், ஓயப்போன கூச்சல் முதலிலிருந்து தொடங்கியது.

"அமைதியா இருங்கிற வார்த்தை மட்டும் இந்த வீட்ல வேணாம் பெர்னி," என்றான் கர்ட் மெதுவாக. "அதைக் கேட்டா நானே கத்திடுவேன்."

நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் அவன் சொன்னது ஒரே வாக்கியம். "இங்கேதான் இருக்கேன்." கொஞ்சம் விட்டு மறுபடி, "இங்கேதான் இருக்கேன்." கடைசியில் அவள் தவழ்ந்து வெளியே வந்து, அவன் புஜத்தில் நெற்றியை முட்டிக்கொண்டாள். தலைமுடியெல்லாம் வியர்வை.

"நான் கெட்டவளாப்பா?"

"இல்ல. பசிக்குதா?"

"ம்."

ஆறிப்போன இரண்டு பாதியையும் அவள் தின்று முடித்தாள். அவன் கெட்சப்பைத் துடைத்தான். என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்தவன், கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். "சில நாள் எனக்கு அவளைப் பிடிக்கறதேயில்ல பெர்னி. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." சொல்லமாட்டேன் என்றேன். இதோ, சொல்லிவிட்டேன்.

அந்த நாலரையிலிருந்து எட்டு மணிவரையிலான நேரத்துக்கு அவனை விட்டால் ஆளில்லை. ஐலாவின் அம்மா பிரிந்துபோய் விஸ்கான்சினில் இருக்கிறாள். ஜூலையில் இரண்டு வாரம் கூட்டிப்போவாள், வந்து கூட்டிப்போ என்று நாலாம் நாளே போன் வந்துவிடும். பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் இரண்டு பேர் ஒரே மாதத்தில் ஓடிவிட்டார்கள். ஆகவே கர்ட்டுக்குக் காலை ஷிப்ட்டை விட்டால் வழியில்லை. பள்ளிக்கூடம் கிழக்கே இருபது மைல், கடை மேற்கே பதினாலு மைல். பேருந்து அவளை ஏற்றிக்கொண்டு போனால்தான் அவன் ஏழே முக்காலுக்குக் கத்தியைக் கையில் எடுக்க முடியும். பேருந்தில் அவளுக்கு இடம் போய்விட்டால் மாலை ஷிப்ட்தான். அதாவது, அவள் யாரோ ஒருத்தியிடம் உடைந்து விழுகிற நேரத்தில் அவன் யாருக்கோ மாட்டிறைச்சி அரைத்துக்கொண்டிருப்பான்.

பேருந்தில் தப்பு செய்தால் மஞ்சள் சீட்டு. வருஷத்துக்கு மூன்று வாங்கினால், பள்ளி மூடுகிற ஜூன் வரை ஏற முடியாது. அக்டோபரில் ஒரு பையனின் புத்தகப் பையை ஜன்னல் வழியாக வீசியதற்கு ஒன்று, டிசம்பரில் முன்னிருக்கையை உதைத்து இன்னொரு குழந்தையின் உதட்டைக் கிழித்ததற்கு ஒன்று. இரண்டும் நான் எழுதியதுதான்.

வெயில் காலத்துக்காக மார்ச் மாதம் நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, அதைக் கண்டால் கர்ட்டுக்கு நடுக்கம். ஒரு மணி நேரத் தூக்கம் போனதில் போன வருஷம் ஒன்பது நாள் வீடு வீடாக இல்லையாம். அதனால் இந்த வருஷம் ஒரு தந்திரம் செய்தான். முந்தைய செவ்வாய்க்கிழமையே தொடங்கி, தினம் பத்து பத்து நிமிஷமாக, அவளுக்குத் தெரியாமல் சுவர்க் கடிகாரத்தை முன்னே தள்ளினான். அடுப்பில் இருப்பதையும் வண்டியில் இருப்பதையும்கூட விடவில்லை. ஞாயிறு வரும்போது முழு மணி நேரமும் நோகாமல் கழிந்துவிடும் என்று கணக்கு. தினமும் பேருந்து தாமதமாக வருவதுபோல் தெரியுமே என்றால், அதற்கும் பதில் வைத்திருந்தான். "பெர்னி லேட்டு." இந்தத் திருட்டுத்தனம் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

போன திங்கள்கிழமை கதவைத் திறந்தேன். ஐலா முதல் படியில் ஏறி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னிக்குத்தான் ஒழுங்கா வந்திருக்கீங்க."

"என்னிக்கு ஒழுங்கா வரலை நான்?"

"போன வாரம் பூரா லேட்டு. செவ்வாய் பத்து நிமிஷம். புதன் இருபது. வியாழன் முப்பது. வெள்ளி நாப்பது. உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு அப்பா சொன்னாரு."

கீழே நின்ற கர்ட் அவசரமாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆனால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானா லேட்டு? முப்பத்தொரு வருஷத்துல ஒரு நிமிஷம் பிந்தினது கிடையாது! இதோ என் கடிகாரம் இருக்கு பாரு. உங்க வீட்டுக் கடிகாரத்துக்கு என்ன கேடுன்னு உங்கப்பாவைக் கேளு."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பத்து, இருபது, முப்பது, நாற்பது. கணக்கில் கெட்டிக்காரி.

"கடிகாரத்தை நீ மாத்தினியா?"

"ஆமாம்மா. உனக்கு நல்லதுன்னுதான் கொஞ்சம் கொஞ்சமா..."

"அதுதான் சொல்லுதுன்னியே! நீதான் சொல்லியிருக்கே! எல்லாமே நீதான்!"

ஐயோ, அந்தக் குரல். இருபத்தாறு பிள்ளைகளும் இருக்கையைவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் ஒரு காலின் பூட்ஸைக் கழற்றி, கண்ணாடிக்கு மேலே இருக்கும் என் கடிகாரத்தைக் குறிபார்த்து வீசினாள். அது என் கன்னத்து எலும்பில் வந்து விழுந்தது. கண்ணில் பொறி பறந்தது.

பெற்றவர்கள் பேருந்துக்குள் ஏறக்கூடாது. கர்ட் ஏறவில்லை. படிக்குக் கீழே இருந்த சகதியிலேயே மண்டியிட்டான். "நான் பொய் சொன்னேன் ஐலா. உன்னைக் கேட்டுட்டுப் பண்ணியிருக்கணும்." சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவள் அலறினாள், ஒற்றைக் காலால் படியை உதைத்தாள். இவன் சொன்னதையே மறுபடி சொன்னான். என் சிவப்பு விளக்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏழு நிமிஷம். அன்றைக்கு நான் நிஜமாகவே லேட்டு.

ஒருவழியாக அவள் அடங்கி, விம்மிக்கொண்டே முன்னிருக்கையில் போய்ச் சுருண்டாள். கர்ட் எழுந்து, நான் நீட்டிய பூட்ஸை வாங்கி, உள்ளே தட்டிவிட்டு, கையை எட்டி, அவள் படிப்பக்கம் நீட்டிய காலில் மாட்டினான். நான் கதவை மூடக் கையை வைத்தேன். நடந்ததை விழுங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். கன்னம் என் கன்னம், வாய் என் வாய். பற்றவைத்ததே நான்தானே.

மூன்றாவது இருக்கையிலிருந்து டெலேனி எழுந்து நின்றாள். ஆறாம் வகுப்பு. "எங்கண்ணன் வெறும் பால் பாக்கெட்டைத்தானே எறிஞ்சான்? அவனுக்கு மட்டும் எழுதினீங்க?"

பேருந்து முழுவதும் என்னையே பார்த்தது.  

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்," என்றான் கர்ட். "எழுதுங்க பெர்னி."

"கர்ட், இது மூணாவது."

"தெரியும்."

எழுதினேன்.  பெற்றோர் கையெழுத்துக்காகச் சீட்டைக் கீழே நீட்டினேன். அவன் பல்லால் கையுறையைக் கழற்றி, சீட்டைப் பேருந்தின் பக்கவாட்டுத் தகட்டில் வைத்துக் கையெழுத்திட்டான். "அப்ப சாயங்கால ஷிப்ட்தான்," என்றான், என்னிடமல்ல. எனக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வந்தது கண்ணீர்தான். அறுபத்தொரு வயதில், பிள்ளைகள் எதிரே.

படியில் இறங்கி, சீட்டை வாங்கக் குனிந்தேன். பூட்ஸிலிருந்து அப்பிய சேறும், பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பும், கண்ணீரும் கலந்து என் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தன. கர்ட் சட்டைக் கையை உள்ளங்கைக்குள் இழுத்துப் பிடித்து, மறு கையால் என் முகவாயைப் பற்றி, கன்னத்தைத் துடைத்தான். "அவ்ளோதான்... அவ்ளோதான்... ஆச்சு," என்றான். அப்படியே மூக்கையும் அழுத்தி ஒரு துடை துடைத்துவிட்ட பிறகுதான், கையில் பிடித்திருப்பது யாருடைய முகவாய் என்று நிமிர்ந்து பார்த்தான்.