பெயரும் தொலைபேசி எண்ணும்

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் மலிவு விலை வீடுகளுக்கு வரும் விண்ணப்பங்களைக் கணினியில் பராமரிக்கிறது. அன்று பத்து காஜா ஊருக்குப் பக்கத்தில் கட்டிய புதிய வீடுகளுக்குக் குலுக்கல்; அதற்கான பட்டியலை எடுப்பது என் வேலை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டாயிற்று. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் அப்பா, அம்மா உட்பட லயமே அந்தக் குலுக்கலைத்தான் நம்பியிருந்தது.

விண்ணப்ப அட்டவணையில் நெடுவரிசைகள் ஏராளம். பழக்கத்தில் 'செலக்ட்' கட்டளைக்கு அடுத்து நட்சத்திரக் குறி போட்டு அத்தனையையும் திரைக்கு இழுத்தேன். பக்கத்து மேசை அக்கா, எனக்கு மேலதிகாரி, எட்டிப் பார்த்தார்.

"கடையையே தூக்கிட்டு வர்றியே தம்பி! பேரு, போன் நம்பர். ரெண்டு போதும் லா."

நட்சத்திரத்தை அழித்து அந்த இரண்டு நெடுவரிசைகளின் பெயரைத் தட்டினேன், நடுவில் ஒரு காற்புள்ளியோடு. எண் வாரியாக அடுக்கச் சொன்னேன். அட்டவணை ஒல்லியாக வந்து நின்றது. உருட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் ஒரே எண் வரிசையாக இறங்கியது. பக்கத்தில் எல்லாம் எங்கள் லயத்துப் பெயர்கள்.

கிளினிக்கோ பள்ளிக்கூடமோ, யார் எண் கேட்டாலும் என் எண்ணைக் கொடுப்பது எங்கள் லயத்து வழக்கம். படித்தவன், எது வந்தாலும் வாசித்துச் சொல்வான் என்று.

"அலாமாக், ஒரே நம்பர்! எவனோ ஏஜென் எல்லார் பேர்லயும் போட்டிருக்கான். தூக்கிரு," என்றார் அக்கா.

"அது என் நம்பர்க்கா."

"நீ எப்போ ஏஜென் ஆன?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ஒரே எண்ணில் பல விண்ணப்பங்கள் வந்தால் அத்தனையையும் நீக்க வேண்டும், விதியை மாற்ற முடியாது என்றார். வீடு வீடாகச் சரிபார்த்து அடுத்த குலுக்கலில் சேர்க்கலாமாம்.

"அடுத்தது எப்போ பாஸ்?"

"அது தெரியாது. இப்போ லிஸ்ட எடு."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பெயர், தொலைபேசி எண், அட்டவணையின் பெயர். அதன் கீழே, இந்த எண் இல்லாதவர்கள் மட்டும் என்ற நிபந்தனை. என் எண்ணை என் விரல்களே தட்டின. லயத்து ஆள் ஒருவர்கூட இல்லாத பட்டியல் வந்தது.

அப்போதே கைப்பேசி அடித்தது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன்.

"தம்பி, நம்ம ஆளுங்க பேரெல்லாம் ஏறிருச்சா?"

"ஆபீஸ்ல இருக்கேண்ணே."

"தெரியும் லா. நீ அங்க இருக்கேன்னுதான் நாங்க நிம்மதியா இருக்கோம்."