அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது

ரோட்டர்டாமில் டாக்டரே எழுந்து வந்து, நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கைகுலுக்கி உள்ளே அழைத்துப் போகிறார். பதினெட்டு வருடமாகியும் எனக்கு அதில் கூச்சம்தான். போன நவம்பரில் அப்படி அழைத்துப்போன டாக்டரம்மா, என் இரண்டு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் குலைகுலையாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, அப்பாவிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று டச்சில் கேட்டார். 'எர்ஃபன்' என்ற சொல்லுக்கு, சொத்து வாரிசுக்குப் போவது என்பதுதான் எனக்குத் தெரிந்த பொருள். "ஒன்றுமில்லை, வீடு தம்பிக்குப் போய்விட்டது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நோயைக் கேட்டிருக்கிறார்.

நான் சொன்னது பொய்யுமில்லை. தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி அப்பா கட்டிய வீட்டில் தம்பி சேவியர் இருக்கிறான். "உனக்குத்தான் வெளிநாட்டு மாப்பிள்ள பாத்தாச்சுல்லா, வீடு எதுக்கு?" என்று அம்மா முடித்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் சேவியர் கருவாடு வறுத்த தட்டைப் படமெடுத்து அனுப்புவான். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட நான், அவித்த பீன்ஸை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில், வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போதே சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள்; சிறுநீரகத்தை யாரும் பார்க்கவில்லை. என் இதய ஸ்கேனைக் காட்டி டாக்டரம்மா விளக்கியபோதுதான் அப்பாவுக்கும் இதுவே இருந்திருக்கும் என்று புரிந்தது. கட்டிகள் பெருகி நெருக்கினால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்து வருடக்கணக்காக அடித்தடித்து இதயச் சுவர் தடித்துப்போகிறது. எனக்குத் தடிக்கத் தொடங்கியிருந்தது. மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். கூடப்பிறந்தவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு, உடனே சொல்லுங்கள் என்றார்.

ஐந்து வாரம் நான் சொல்லவில்லை. அவனுக்கு இல்லையென்று வந்துவிட்டால்? வீடும் அவனுக்கு, கடலும் அவனுக்கு, நல்ல உடம்பும் அவனுக்கேவா? அவனுக்கும் இருக்கட்டுமே என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

பிறகு ஒரு மாலை போனில், "ரெண்டு நாளா தல வலிக்கிக்கா" என்றான். அப்பாவும் அப்படித்தான் அடிக்கடி தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார். "ஏலே, நாளைக்கே போயி ஸ்கேன் எடு" என்று எல்லாவற்றையும் கொட்டினேன், அந்த ஐந்து வாரத்தையும் சேர்த்து.

"ஏன்க்கா அப்பமே சொல்லல?"

"பொறாமதாம்லே."

"எம்மேலயா? நீ போய்ட்ட. நாந்தான் அம்மாவையும் வீட்டையும் பாத்துக்கிட்டு இங்கனயே கெடக்கேன். ஒன்ன நெனச்சு நான் வயிறெரியாத நாளு உண்டா?"

ஸ்கேனில் அவனுக்கு ஒன்றுமில்லை. நாற்பத்தொரு வயதுவரை கட்டி வராததால் இனிப் பயமில்லை என்றார்களாம். கேட்டு அழுதேன். சந்தோஷம்தான். அதற்கடியில் பொறாமை அப்படியே கிடந்தது, இன்னும் கிடக்கிறது.

அடுத்த முறை போனபோது நர்ஸ் என் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்தாள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயிருந்தால் கறுப்பு. அப்பாவுக்குக் கறுப்புச் சதுரம், எனக்குக் கறுப்பு வட்டம், சேவியருக்கு வெள்ளைச் சதுரம். மூன்றையும் கோடுகளால் இணைத்து, என் வட்டத்தின் கீழ் ரோட்டர்டாம் என்று எழுதினாள். தம்பியின் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவளுக்கு வாயில் நுழையவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினாள். வெள்ளைச் சதுரத்தின் கீழ், தமிழிலேயே எழுதினேன்: தூத்துக்குடி.