ஐந்தாவது வரிசையிலிருந்து ஒரு வசனம்

திண்டிவனத்தில் இருந்த என் அக்கா மகளுக்கு அப்போது பதினாறு வயது. ரேடியோ நாடகங்களை வரி மாறாமல் ஒப்பிப்பாள். எண்பதுகளில் ஒரு கோடை விடுமுறையில், விழுப்புரத்தில் வேலை பார்த்த அவள் சித்தியான நான் அவளைச் சென்னைக்கு அழைத்துப்போனேன். "வம்பு எதுவும் இழுத்துக்கினு வராதீங்க" என்றுதான் அக்கா அனுப்பினாள்.

காலையில் மியூசியத்தில் ஒவ்வொரு வெண்கலச் சிலை முன்னாலும் அதைப்போலவே கையை வளைத்து நின்றாள். காவலர் முறைத்தார். மதியம் நாடகத்துக்குப் போனோம். அவள் ரேடியோவில் கேட்டிருந்த நாடகம்தான்.

பாதியில் கதாநாயகன் வசனத்தை மறந்து நின்றுவிட்டார். அரங்கமே அமைதியானது. ஐந்தாவது வரிசையிலிருந்து இவள் அந்த வசனத்தை உரக்கச் சொல்லிவிட்டாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

இடைவேளையில் மேடைப் பக்கமிருந்து ஒருவர் வேகமாக எங்களிடம் வந்தார்.

"யாரும்மா சொன்னது?"

"நான்தாங்க. தெரியாம சொல்லிட்டேன்" என்றேன்.

"இல்லீங்க, நான்தான்" என்று இவள் எழுந்தாள்.

"மறந்தா வசனம் எடுத்துக் கொடுக்கிறவருக்குக் காய்ச்சல், இன்னிக்கு வரல. உள்ள வந்து சொல்றியாம்மா?"

முன்பின் தெரியாதவர்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். திரை மறைவில் அவள் தாவணி முனையைப் பிடித்தபடி கடைசிவரை நின்றேன். கதாநாயகன் இன்னும் நான்கு முறை மறந்தார். நான்கு முறையும் அவள் எடுத்துக் கொடுத்தாள். அவள் குரல் நடுங்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அக்கா வீட்டுக்காரர், என் மாமா, காத்திருந்தார்.

"நாடகம் எப்டிம்மா இருந்துச்சி?"

"பாதிக்கு மேல பாக்கவே இல்லப்பா" என்றாள்.

மாமா என் பக்கம் திரும்பினார்.