மேசையில் ஒன்பது, நாற்காலியில் ஆறு

லிப்ட் மெக்கானிக்குக்குப் பயம் என்று எதுவும் கிடையாது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்தவர். ஆனால் அவர் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதன் பக்கத்தில் அவர் பதினொரு வருஷமாகப் போனதில்லை.

அந்த நாற்காலியில் இருந்தவர் மாமனார். காய்கறிச் சந்தையில் முப்பத்தெட்டு வருஷம் ஏலம் கூவியவர். கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கே, "மேல போறது, கீழ வர்றது. இதுக்குப் பேரு வேலையா?" என்று கேட்டார். அவர் மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைத்தார். தெருமுனை வரை கேட்டது. பிறகு அவரே மகள் வீட்டோடு வந்துவிட்டபோது, மெக்கானிக் தன் வேலை மேசையைக் கூடத்தின் மறுகோடிக்கு, வாசல் கதவை ஒட்டித் தள்ளிப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் நன்றாக வருகிறது என்று காரணம் சொன்னார். வெளிச்சமெல்லாம் ஜன்னல் பக்கம்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் மாமனாருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரல் போயிற்று. அதற்குப் பதிலாக டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ரீங்காரம் போடும். உதட்டை அசைத்தால் அது பேச்சாகும். வீட்டில் அதற்கு டார்ச் என்றே பெயர். பெரியவர் அந்த டார்ச்சை வைத்துக்கொண்டும் பழைய வேகத்திலேயே மாப்பிள்ளையைத் திட்டினார். விஞ்ஞானம் யாருக்குத்தான் உதவவில்லை!

அந்த டார்ச்சின் பேட்டரிதான் போய்விட்டது. போய்விட்டது என்பது மெக்கானிக் மனைவியிடம் சொன்ன வார்த்தை. நடந்தது வேறு. அவள் வெளியே போயிருந்த ஒரு மதியம், சார்ஜ் சீக்கிரம் ஏறட்டுமே என்று இவர் வேறு ஒரு சார்ஜரை மாட்டினார். ஏறியது. பேட்டரி வடை மாதிரி உப்பிக் கிடந்தது. பெரியவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். "பழசாயிடுச்சு, தானா வீங்கிடுச்சு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அந்தச் சார்ஜரை மேசை டிராயருக்குள் தள்ளினார். புது பேட்டரி வர ஆறு வாரமாகும் என்றார்கள்.

அதுவரை பெரியவர் ஊமை. பக்கத்தில் நோட்டும் பேனாவும் வைத்தாள் மகள். அவர் தொடவில்லை. இரண்டு வேளை சாப்பாட்டை ஒரு வேளையாக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டு இல்லாத வீடு நிம்மதியாக இருக்கும் என்று மெக்கானிக் வெகுகாலம் நம்பியிருந்தார். இல்லை. சாப்பிடும்போதுகூட அவர் காது ஜன்னல் பக்கமே இருந்தது.

எனவே வீட்டிலேயே ஒரு பவர் சப்ளை செய்து மேசையில் வைத்து, மனைவியை விட்டு நாற்காலி வரை டார்ச்சுக்கு வயர் இழுத்தார். ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு ரெகுலேட்டர், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. டார்ச்சின் மேல் எழுதியிருந்த அளவு கைபட்டே அழிந்திருந்ததால் அந்தத் திருகு தேவைப்பட்டது. குறைவாக வைத்தால் வாத்து பேசியது. கூட்டினால் தெருநாய் பதில் சொன்னது. ஒன்பது வோல்டில் மாமனார் வந்தார்.

வந்தவர் ஒரே சொல்லில் போனார். முதல் சொல் கணீரென்று கேட்கும். இரண்டாவது சொல் இழுபடும். மூன்றாவதற்கு டார்ச் அணைந்துவிடும். "கூரை ஏறி…" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். கோழியையும் பிடிக்கவில்லை, வானத்துக்கும் போகவில்லை. ஆனால் அந்தப் பழமொழியின் மிச்சம் எல்லோருக்கும் தெரியுமாதலால், மாப்பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டது.

மெக்கானிக் மேசையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒன்பது. பெரியவர் பேசும்போதும் ஒன்பது. எண் இம்மியும் அசையவில்லை. இருந்தாலும் ரெகுலேட்டரை மாற்றினார். கெப்பாசிட்டரைப் பெரிதாகப் போட்டார். சூடு தாங்கவில்லையோ என்று அலுமினியத் தகடு வைத்தார். திருகைச் சற்றுக் கூட்டிப் பார்த்தார். முதல் சொல் அலறி, அடுத்த சொல் அடங்கியது. எட்டு நாள் போயிற்று. மீட்டர் மட்டும் ஒன்பது, ஒன்பது என்று சத்தியம் செய்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி துடைப்பத்தோடு நடுக்கூடத்தில் நின்றாள்.

"ஏங்க, அந்த மீட்டர் என்ன சொல்லுது?"

"ஒன்பது. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"மீட்டருக்குச் சரி. பேச வேண்டிய ஆளு நாற்காலியில இருக்காரு. ஒருநாளாவது அங்க போய் வச்சுப் பாத்தீங்களா?"

எட்டாவது மாடியில் கோளாறு என்றால் எட்டாவது மாடிக்குப் போய்ப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் மெக்கானிக்தான். மீட்டரை எடுத்தார். முக்காலியை எடுத்தார். கூடத்தைக் கடந்து, பிரம்பு நாற்காலிக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பெரியவரின் இடது காதருகே ஒரு மச்சம் இருந்தது. அதை அவர் இப்போதுதான் பார்த்தார்.

"மாமா, கொஞ்சம் பேசுங்க."

பெரியவர் புருவத்தை உயர்த்தினார்.

"எதுவா இருந்தாலும் பரவாயில்ல. என்னைத் திட்டுனாக்கூட சரி. நிறுத்தாம பேசணும்."

பெரியவர் யோசித்தார். டார்ச்சைக் கழுத்தில் வைத்து, அணையும்போதெல்லாம் பொத்தானை மறுபடி அழுத்தி ஏலம் கூவினார்.

"வெங்காயம் இருபது மூட்டை! ஒரு தரம்… ரெண்டு…"

ஒவ்வொரு தடவையும் மீட்டர் ஒன்பதிலிருந்து எட்டுக்கு வந்து, ஆறில் விழுந்தது. டார்ச் அணைந்தது. இருபது மூட்டை வெங்காயமும் யாருக்கும் விலைபோகாமல் கூடத்தில் நின்றது.

கோளாறு மேசையிலிருந்த பவர் சப்ளையில் இல்லை. வயரில். சுவரோரமாக, பீரோவைச் சுற்றி, பாய்க்கு அடியில் முப்பதடி வந்திருந்தது அந்தப் பழைய டெலிபோன் வயர். நூல் மாதிரி மெல்லிசு. நீளம் போதாமல் மூன்று இடத்தில் முறுக்கி ஒட்டியிருந்தது. சும்மா இருக்கும்போது தெரியாது. பேச ஆரம்பித்ததும் மூன்று வோல்டை வழியிலேயே தின்றுவிடும். ஆள் இல்லாத லிப்ட் எதுவும் ஒழுங்காகத்தான் ஏறும். எட்டுப் பேர் ஏறினால்தான் அதன் லட்சணம் தெரியும். இது அவர் தினமும் சொல்கிற வசனம். முப்பதடி எதற்கு வந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

மேசையை இழுத்தார். பதினொரு வருஷம் நகராத மேசை தரையில் கோடு போட்டுக்கொண்டே வந்து நாற்காலியை ஒட்டி நின்றது. ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த வயரை வெட்டி, முனையைச் சீவி, இணைப்புத் திருகை முடுக்கினார். குனிந்திருந்ததால் அதைச் சொல்ல வாய் வந்தது.

"மாமா… அந்த பேட்டரி தானா வீங்கல. நான்தான் தப்பான சார்ஜரைப் போட்டுக் கெடுத்துட்டேன்."

பெரியவர் பொத்தானை அழுத்தினார். மீட்டர் ஒன்பதிலேயே நின்றது.

"தெரியும். நான் கண்ணத்தான் மூடியிருந்தேன்."

குரல் முழுதாக வந்தது. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. வயர் பற்றவைக்கும் ஈயப்புகை என்று சொல்லவும் வழியில்லை. அன்றைக்கு ஈயம் வைக்கவே இல்லை.

"நோட்டும் பேனாவும் பக்கத்துலயே இருந்துச்சே மாமா. எழுதிக் காட்டியிருக்கலாமே?"

"எழுதியிருந்தா எம்பொண்ணு படிச்சிருப்பா."

அடுக்களையிலிருந்து மகள் எட்டிக் கேட்டாள். "என்னப்பா அங்க? சரியாயிடுச்சா? என்ன பேசிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். டார்ச்சைக் கழுத்தில் வைத்து, சந்தையில் ஏலத்தை முடிக்கிற மாதிரி கடைசிக் கடை வரைக்கும் கேட்கும்படி கூவினார்.

"மூணு தரம்!"